பனிமானுக்குக் காது குத்தியவன்

1.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பிறகு பொய் சொல்ல வசதியாக இருக்கும்.

இந்தக் கதை எனக்கு ஓசூர் பேருந்து நிலையத்தில், தளி பஸ்ஸுக்காகக் காத்து நின்றபோது கிடைத்தது. முப்பது, முப்பத்திரண்டு வயதில் ஒரு பெண். தோளில் கம்பெனிப் பை, கையில் பிடித்தபடி ஒரு சிறுமி. சிறுமிக்கு இரட்டைச் சடை, ரிப்பன், கண்மை, வளையல் என்று ஒரு குறையும் இல்லை. காதில் மட்டும் ஒன்றுமில்லை. ஓட்டைகூட இல்லை. பூ விற்கிற அம்மாள் கேட்டே விட்டாள்.

"ஏம்மா, கொழந்தைக்கு இன்னும் காது குத்தலயா?"

"மாமன் வரணும்."

இரண்டே சொல். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்கள். நானும் அதே பஸ்ஸில்தான் போயிருக்க வேண்டும். ஏறவில்லை. மாமன் எங்கே போனான் என்று யோசித்துக்கொண்டே நின்றுவிட்டேன்.

அதே வாரம் ஒரு பிரவுசிங் சென்டரில் வேறு எதையோ தேடப் போய், உலகத்தின் வடக்கு நுனியில் குதிரைகளையும் காட்டெருமைகளையும் கொண்டுவந்து பனிக்காட்டில் விடுகிறார்கள் என்று படித்தேன். எனக்கும் அந்தக் குதிரைக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோது அந்த மாமன் அங்கே போய்ச் சேர்ந்திருந்தான். சத்தியமாக நான் கூப்பிடவில்லை.*

* இந்தச் சத்தியத்தை ஏழாம் பகுதியில் திரும்ப வாங்கிக்கொள்வேன்.

2.

தொடக்கங்கள்.

"வடக்கே, வடக்குக்கும் வடக்கே, கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெண்பனி..." சீ. நான் பனியைப் பார்த்ததே கிடையாது. மார்கழியில் ஆறு மணி ஷிப்டுக்கு மப்ளர் கட்டிக்கொண்டு சைக்கிள் மிதித்ததுதான் எனக்குத் தெரிந்த குளிர்.

"சுபாஷ் ஒரு வெல்டர். அவன் மனதில்..." வேண்டாம். அவன் மனதில் என்ன இருக்கிறது என்று எனக்கே இன்னும் பிடிபடவில்லை.

"பவளம் எண்ணிக்கொண்டிருந்தாள். ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு."

இதை வைத்துக்கொள்கிறேன்.

பவளம் எண்ணிக்கொண்டிருந்தாள். ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு. அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஓசூருக்குப் பிழைக்க வந்த குடும்பம் அவளுடையது. அவர்கள் வழக்கத்தில் பிள்ளைக்குக் காது குத்துவது ஒற்றைப்படை வயதில்தான், அதுவும் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான். பவளத்தோடு பிறந்தவன் ஒரே தம்பி, சுபாஷ். மகள் தர்ஷினிக்கு ஒன்று நடந்தபோது மாமனார் தவறிப் போனார், வீட்டில் நல்ல காரியம் கூடாது என்று ஆயிற்று. மூன்று நடந்தபோது சுபாஷ் ருஷ்யாவில் எரிவாயுக் குழாய்க்கு வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தான், ஒப்பந்தம் முடியவில்லை. ஐந்தில் ஒப்பந்தம் முடிந்துவிட்டது, ஆனால் அவன் வரவில்லை. இப்போது 2008. ஏழு நடக்கிறது. ஆவணி பிறந்தால் எட்டு.

சிப்காட்டில் பவளத்துக்கு ஒயர்களைக் கட்டாகச் சேர்த்து டேப் சுற்றுகிற வேலை. கை பாட்டுக்குச் சுற்றும், மனசு பாட்டுக்கு எண்ணும். பக்கத்து மேசைப் பெண்கள் மகளுக்கு ஜிமிக்கி வாங்கிய கதையைச் சொன்னால், இவள் டேப்பை இன்னும் இறுக்கிச் சுற்றுவாள்.

3.

ஞாயிறு மதியம் இவள் சோறு வடிக்கிற நேரம், அங்கே சாயங்காலம். அப்போதுதான் சுபாஷ் கூப்பிடுவான். அந்த ஐந்தாம் வயசு வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இப்படி நடந்தது.

"அக்கா, பைப்பு வேலை முடிஞ்சிருச்சு. இங்க ஒரு பெரியவரு வேலி போடக் கூப்பிட்டிருக்காரு. கொஞ்ச நாள் இருந்துட்டு வாரேன்."

"வேலியா? என்ன வெள்ளாமைடா?"

"வெள்ளாமை இல்லக்கா. மிருகத்தைக் கொண்டாந்து விடுறாங்க. குதிரை, காட்டெருமை, பனிமான், அப்புறம் சடைசடையா முடி தொங்குற ஒரு மாடு. பல ஆயிரம் வருசத்துக்கு முந்தி இங்க கூட்டங்கூட்டமா மேஞ்சதாம். மனுசன் வேட்டையாடியே தீத்துட்டானாம். இப்பத் திரும்ப விடுறாங்க."

"எதுக்கு, பாலுக்கா?"

"மிதிக்கிறதுக்கு."

லைன் சரியில்லை என்று நினைத்து பவளம் போனை வலது காதிலிருந்து இடது காதுக்கு மாற்றினாள்.

"என்னது?"

"பனியை மிதிக்கிறதுக்குக்கா. பனி முழங்காலுக்கு மேல விழுந்து கம்பளி கணக்கா தரையை மூடிருது. மேல குளிரு கொல்லும், அடியில தரை கதகதன்னு கெடக்கும். அப்பிடியே விட்டா, எத்தனையோ காலமா உறைஞ்சு கெடக்குற மண்ணு எளகிரும். எளகுச்சுன்னா உள்ள கெடக்குற பழைய அழுகலெல்லாம் வாயுவா மேல வந்து உலகத்தையே சூடாக்கிருமாம். மிருகம் பனியைத் தோண்டித் தோண்டி மேஞ்சா, குளிரு மண்ணுக்குள்ள எறங்கும். மண்ணு கெட்டியா நிக்கும். பாசி போயி புல்லு வந்துரும்."

"நாங்க இங்க மழை வேணும்னு கும்பிடுறோம். அவுக குளிரு வேணும்னு மாடு வளக்குறாகளாக்கும்!"

அன்றைக்குச் சிரித்தாள். கீழ்வீட்டு நஞ்சம்மாவிடமும் போய்ச் சொன்னாள். வீட்டுக்காரி நஞ்சம்மா கன்னடக்காரி, பிறந்த ஊர் காட்டோர ஜவளகிரி. அங்கே அவள் அண்ணன் ராகி விதைப்பார், யானை வந்து மேய்ந்துவிட்டுப் போகும்.

"யானையும் விட்டுக்கினாங்களா அங்க?"

"இருந்துச்சாம்க்கா. உடம்பெல்லாம் முடி வச்ச யானை. அது அழிஞ்சு போச்சாம். புல்லு வரணும்னு மரத்தைச் சாய்க்க யானை இல்லாம பழைய ராணுவ வண்டியை விட்டு இடிக்கிறாகளாம்."

"ஐயோ தேவரே! ஜவளகிரிக்கு வந்து ஓட்டிக்கினு போகச் சொல்லும்மா. எங்கண்ணன் கும்பிட்டு அனுப்பி வெப்பாரு."

சிரிப்பெல்லாம் அடுத்த வருஷம் ஆனி மாதத்து ஒரு ஞாயிறு வரைக்கும்தான். அன்றைக்கு சுபாஷ் மூச்சிரைக்கச் சந்தோஷமாகக் கூப்பிட்டான்.

"அக்கா! இன்னைக்கு மட்டும் பதினேழு பனிமான் குட்டிக்குக் காது குத்துனேன்!"

மிருகத்துக்கு அடையாளத்துக்காகக் காதில் மஞ்சள் வில்லை குத்துவது பவளத்துக்குத் தெரியாததல்ல. இன்சூரன்ஸ் மாடுகளின் காதில் குந்தாரப்பள்ளிச் சந்தையில் எத்தனையோ பார்த்திருக்கிறாள். அவன் சொன்னதும் அதைத்தான். ஆனால் இவள் காதில் விழுந்தது 'காது குத்துனேன்' என்பது மட்டும்தான்.

உலை பொங்கி அடுப்பில் வழிந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"யாரு மடியில வச்சு?"



"என் மடியிலதான்க்கா."

பவளம் போனை வைத்துவிட்டாள்.

4.

இந்த இடத்தில் எனக்கு சுபாஷ்மேல் சந்தேகம் வந்துவிட்டது. உங்களுக்கும் வந்திருக்கும். ஒரே அக்கா, ஒரே மருமகள். இவன் எதற்காக ஊர்பேர் தெரியாத மிருகத்துக்கு வேலி காத்துக்கொண்டு கிடக்க வேண்டும்?

மூன்று காரணம் எழுதிப் பார்த்தேன். ஒன்று, அங்கே ஒரு பெண்ணைப் பிடித்துவிட்டது. (பிடித்தால் பிடிக்கட்டும், அதற்காக மாமன் முறையை விடுவானா? அடித்துவிட்டேன்.) இரண்டு, அவன் ஒரு லட்சியவாதி, பூமி சூடாவதை நினைத்துத் தூங்க மாட்டான். (ஐயா, அவன் வெல்டர். அவன் தூங்குவான்.) மூன்றாவதுதான் நின்றது. முதல் குளிர்காலத்தில் புதிதாக வந்த பதினைந்து குதிரையில் ஒன்பது செத்துப் போயின. பனிக்கு அடியில் புல் இருக்கிறது, தோண்டினால் கிடைக்கும் என்று அவற்றுக்குத் தெரியவில்லை. வேறெங்கோ கொட்டிலில் வைக்கோல் தின்று வளர்ந்தவை. கடைசி ஆறும் வேலி ஓரமாக நின்று மனிதனைப் பார்த்துக்கொண்டிருந்தன. சுபாஷ் மண்வெட்டியோடு உள்ளே போய் அவற்றின் கண்முன்னால் பனியை வெட்டி வெட்டிப் புல்லைக் காட்டினான். ஒரு மாதம் காட்டினான். ஒருநாள் ஒரு பெட்டைக் குதிரை தானாகக் காலால் தோண்டியது.

அதைப் பார்த்தவன் எப்படி வருவான்? நானாக இருந்தாலும் வர மாட்டேன்.

"அந்த நிலமும் பாதங்களுக்காக ஏங்கிக் கிடந்தது, பவளத்தின் மகளும் மடிக்காக ஏங்கி..." என்று இங்கே ஒரு வாக்கியம் எழுதியிருந்தேன். படிக்கவே கூச்சமாக இருந்தது. நிலம் ஏங்காது. அக்காதான் ஏங்குவாள்.

5.

ஒரு மாதம் அவன் கூப்பிட்டும் பவளம் எடுக்கவில்லை. பிறகு ரத்தினவேல், அவள் புருஷன், பாகலூர் ரோடு பிரவுசிங் சென்டருக்குக் கூட்டிக்கொண்டு போனான். படம் ஒன்று அனுப்பியிருப்பதாக மச்சினன் அவனுக்குச் சொல்லியிருந்தான்.

"நீ பாக்கவே வேணாம், புள்ள பாக்கட்டும். மாமன் மொகம் அதுக்கு மறந்தே போச்சு."

படம் மேலேயிருந்து கோடு கோடாக இறங்கியது. முதலில் வானம். அப்புறம் ஒரு குல்லாய். அப்புறம் நெற்றி, அதில் திருநீறு. பவளம் எட்டித்தான் பார்த்தாள். தாடி விட்டிருக்கிறான். கன்னம் ஒட்டிப் போயிருக்கிறது. அப்புறம் அப்படியே நின்றுபோயிற்று. கடைக்காரப் பையன் வந்து ஒயரைப் பிடுங்கிச் செருகினான். திரும்பவும் வானத்திலிருந்து ஆரம்பித்தது. இந்தத் தடவை மடி வரைக்கும் வந்தது.

சுபாஷ் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். மடியில் காலை மடக்கிக்கொண்டு ஒரு குட்டி. அதன் நெற்றியிலும் ஒரு கீற்றுத் திருநீறு. அவன் இடது கை அதன் வாயருகே இருந்தது. கூடவே ஒரு கடிதம், ஆங்கில எழுத்தில் தமிழ். ரத்தினவேல் எழுத்துக்கூட்டி வாசித்தான்.

"அக்கா, கோவிச்சுக்காத. இங்க எல்லாரும் நின்னுக்கிட்டே கழுத்தை அமுக்கிப் பிடிச்சுத்தான் குத்துவாங்க. குட்டி கத்தும், தாய் மான் மோத வரும். நமக்கு அப்பிடிக் குத்தத் தெரியாதுல்ல. கிழக்க பாத்து உக்காந்து மடியில வச்சேன். வாயில சக்கரை குடுத்தேன். சத்தமே போடலக்கா. மொதல்ல எல்லாரும் சிரிச்சாங்க. இப்ப அம்புட்டுப் பேரும் சம்மணம் போட்டுத்தான் குத்துறாங்க."

தர்ஷினி திரையைத் தொட்டுப் பார்த்தாள்.

"இது யாரு பாப்பாம்மா?"

பவளத்துக்குக் கோபம்தான் முதலில் வந்தது. என் மகள் உட்கார வேண்டிய இடத்தில் ஒரு மான்குட்டி உட்கார்ந்திருக்கிறதே என்று வயிறு எரிந்தது. அப்புறம் அவன் வலது கையைப் பார்த்தாள். குட்டியின் கழுத்தைத் தாங்கியிருந்த விதத்தைப் பார்த்தாள். தர்ஷினி பிறந்து மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் அவன் பிள்ளையை வாங்கிய மாதிரியே பயந்து பயந்து தாங்கியிருந்தான். தம்பியை உடனே பார்க்க வேண்டும் போலிருந்தது. அவ்வளவு பேர் இருந்த கடையில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"பழகிக்கிட்டு இருக்கான்ங்க இவன்," என்றாள் புருஷனிடம். "நம்ம புள்ளைக்காகப் பழகிக்கிட்டு இருக்கான்."

ரத்தினவேலுக்கு அப்படித் தோன்றவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

6.

ஏழு முடிவதற்குள் நடத்திவிட நாள் குறித்தார்கள். வைகாசி இருபத்தாறு, ஞாயிறு, ஓசூர் மலைக்கோயில். ரத்தினவேல் பேச்சை வளர்க்கவில்லை.

"இதுக்கு மேல ஒம்பது வயசுக்குத் தள்ளுனா நான் ஒத்துக்க மாட்டேன். பள்ளிக்கூடத்துல புள்ளையை மொட்டைக் காதுன்னு கூப்பிடுறாங்க. உங்க பெரியப்பா மகன் கோவிந்தன் கிருஷ்ணகிரியிலதான இருக்காரு? அவரும் மாமன் முறைதான."

"முறைதான். கூடப் பொறந்தவன் இல்லையே."

"கூடப் பொறந்தவன் வருவானா? அதைக் கேட்டுச் சொல்லு."

கேட்டாள். சித்திரை மாதத்து ஞாயிறு. சுபாஷ் வழக்கம்போல அக்கா என்று ஆரம்பிக்காமல் நேராகவே சொன்னான்.

"வந்தா அப்பிடியே வந்துரணும்க்கா. விசாவு அப்பிடி. திரும்ப உள்ள விடுவாங்கன்னு சொல்ல முடியாது. இப்ப குட்டி போடுற மாசம் வேற. அந்தக் குதிரை, சொன்னேன்ல, தோண்டக் கத்துக்கிட்ட குதிரை, அது செனையா நிக்குது."

"அப்ப வர மாட்டியா?"

"நான் அப்பிடிச் சொல்லலக்கா. நீ வான்னு ஒரு வார்த்தை சொல்லு. மத்ததெல்லாம் போட்டுட்டு வந்துர்றேன். உன் மேல சத்தியமா வந்துர்றேன். டிக்கெட் சொல்லணும், அடுத்த ஞாயித்துக்கெழமைக்குள்ள சொல்லிரு."

அந்த ஒரு வாரத்தில் பவளம் வேலையில் இரண்டு கட்டு ஒயரை நிறம் மாற்றிச் சுற்றிவிட்டு சூப்பர்வைசரிடம் பேச்சு வாங்கினாள். நஞ்சம்மா படியேறி வந்து உட்கார்ந்தாள்.

"வான்னு சொல்லிடு பவளம். ஏன் யோசிக்கிற? உன் தம்பி. குதுரைக்கு வேற ஆளு கெடைக்கும், உம் பொண்ணுக்கு வேற மாமன் கெடைப்பானா?"

"வந்துருவான்க்கா. வந்து மடியில வச்சிக்கிருவான். அப்புறம் அவன் மொகத்தை நான் தெனம் பாக்கணுமே. மனசு அங்கயே நிக்குமே."

"அப்படின்னா வேணாம்னு சொல்லிடு."

"எப்பிடிக்கா சொல்லுவேன்?"

நஞ்சம்மா தர்ஷினியைக் கூப்பிட்டு மடியில் வைத்துக்கொண்டு, தலையைப் பிரித்து, திரும்பப் பின்னிவிட்டுப் போனாள்.

7.

சத்தியத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

என் அக்கா மகளுக்கு 1994-இல் காது குத்தினார்கள். நான்தான் மாமன். ஒரே தம்பி. போகவில்லை. ஷிப்டுக்கு ஆள் இல்லை, லீவு கிடைக்கவில்லை என்று தந்தி கொடுத்தேன். ஆள் இருந்தார்கள். லீவும் இருந்தது. அதற்கு முந்தின வருஷம் அவர்கள் வீட்டு விசேஷம் ஒன்றில் என்னை முன்வரிசையில் உட்காரச் சொல்லவில்லை என்று ஒரு கோபம். அவ்வளவுதான். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. பிள்ளை யாரோ ஒருத்தர் மடியில் உட்கார்ந்தது. அந்தப் புகைப்படத்தை ஒருநாள் ஆல்பத்தில் பார்த்தேன். அந்த ஆள் என் சட்டைமாதிரியே ஒரு கட்டம் போட்ட சட்டை போட்டிருந்தார்.

அக்கா என்னைத் திட்டவில்லை. இன்றுவரை ஒரு சொல் இல்லை. திட்டியிருந்தால் நான் இந்தக் கதையை எழுதியிருக்க மாட்டேன்.

அதனால்தான் சுபாஷை அவ்வளவு தூரம் அனுப்பினேன். எனக்கு இல்லாத ஒரு நியாயம் அவனுக்காவது இருக்கட்டும் என்றுதான் குதிரையையும் காட்டெருமையையும் அங்கே ஓட்டிக்கொண்டு போனேன். உறைந்த மண், ஆயிரம் வருஷத்துப் புல், உலகத்தின் வெப்பம், எல்லாவற்றையும் அவன் பக்கம் அடுக்கினேன். இந்தப் பக்கம் ஒரு ஏழு வயசுப் பிள்ளையின் மொட்டைக் காது. அடுக்கி முடித்துப் பார்த்தால் இந்தப் பக்கம்தான் கனக்கிறது. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

8.

முடிவுகள்.

(அ) அவன் வருகிறான். பெங்களூரில் புதிதாகத் திறந்த விமான நிலையத்தில் ரத்தினவேல் பெயரட்டை பிடித்துக்கொண்டு நிற்கிறான், சொந்த மச்சினனுக்கே. மலைக்கோயில் மண்டபத்தில் சுபாஷ் சம்மணம் போடுகிறான். பிள்ளை அழவில்லை. எழுதி முடித்தேன். நன்றாகத்தான் வந்தது. ஆனால் மறுநாள் காலையில் அவன் மொட்டைமாடிக்குப் போய் வடக்கே பார்த்துக்கொண்டு... அந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை.

(ஆ) கோவிந்தன் வருகிறார். நல்ல மனிதர். சீர் வரிசையில் ஒரு குறை வைக்கவில்லை. படம் எடுக்கிறார்கள். இதை என்னால் எழுதவே முடியாது. காரணம் மேலே இருக்கிறது.

(இ) போனை ஸ்பீக்கரில் போட்டு மணையில் வைத்து, அதன்மேல் பிள்ளையை... இதற்கு நீங்கள் சிரித்திருப்பீர்கள். நானும்தான்.

(ஈ) பவளம் ஒருவருக்கும் சொல்லாமல் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு— இல்லை. அவள் அப்படிப்பட்டவள் அல்ல.

ஆக மிச்சம் இருப்பது அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். சோறு வடித்தாயிற்று. இந்தத் தடவை அடுப்பை அணைத்துவிட்டுத்தான் போனை எடுத்தாள். ரத்தினவேல் வாசலில் செருப்பைத் துடைக்கிற சாக்கில் நின்றான். தர்ஷினி அம்மாவின் முழங்காலில் தலை வைத்துப் படுத்திருந்தாள்.

"அக்கா."

"சொல்லுடா. சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். நேத்து ராத்திரி குதிரை குட்டி போட்டுருச்சுக்கா. பெட்டை. எந்திரிச்சு நின்னுருச்சு."

"தாய் எப்பிடி இருக்கு?"

"நல்லா இருக்கு. நீ சொல்லுக்கா. அதுக்குத்தான் கூப்பிட்டேன்."

பவளம் மகளின் காது மடலை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டாள். மெத்தென்று, சூடாக இருந்தது. மூச்சை இழுத்தாள். பிறகு சொன்னாள்:

"                                                    "

இது என் சோம்பேறித்தனம் இல்லை. நான் எழுதினால் 'வா' என்றுதான் எழுதுவேன். ஒரே ஒரு தடவை அந்தச் சொல்லை என் காதில் கேட்பதற்காக எழுதுவேன். பவளத்துக்காக எழுத மாட்டேன், அந்தக் குதிரைகளை ஒரு நிமிஷம்கூட நினைத்துப் பார்க்க மாட்டேன். அப்படிப்பட்டவன் கையில் இந்த இடத்தைக் கொடுக்கக் கூடாது. உங்களிடம் கொடுத்துவிட்டேன். ஒரு சொல் போதும். அவன் அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டு நிற்கிறான்.

எனக்கு வேறொரு வேலை இருக்கிறது. அக்காவின் எண் மாறியிருக்காது என்று நினைக்கிறேன். எடுத்தால் என்ன சொல்வதென்று தெரியவில்லை. சாப்பிட்டாயா என்றாவது கேட்கலாம். நான் போய் அவளைக் கூப்பிடுகிறேன், நீங்கள் எழுதிக்கொண்டிருங்கள்.